விற்ற ஊர், நின்ற ஊர்: மின்காரின் பழுதுநீக்கம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருப்பதியிலிருந்து காளத்திக்குச் செல்லும் சாலையில் ரேணிகுண்டாவைக் கடந்ததும் வரும் சிற்றூர் ஏர்பேடு. கூடூர்–காட்பாடி இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. வெங்கடகிரிக்குப் போகும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி வட ஆர்க்காட்டின் பகுதியாக இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடும் 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்தோடும் சேர்ந்தது. திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிலையான வளாகமும் இவ்வூரில்தான் உள்ளது.

இவ்வூர் வழியே செல்லும் ஒரு மின்காரை எடுத்துக்கொள்ளலாம். அது சென்னையில் வாங்கப்பட்டது எனக் கொள்வோம். அங்கிருந்து ஏர்பேடு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இன்று விற்பனையாகும் பெரும்பாலான மின்கார்கள் ஒருமுறை மின்னேற்றினாலே இத்தூரத்தைக் கடந்துவிடும். எனவே ‘அவ்வளவு தூரம் ஓடுமா’ என்னும் பழைய ஐயம் வலுவிழந்து வருகிறது. ஓடி வந்த வண்டி இங்கே நின்றுவிட்டால் அதைத் தொட்டுச் சரிசெய்யும் அறிவும் கருவியும் உரிமையும் யாரிடம் உள்ளன என்னும் கேள்வியோ முன்பைவிடக் கூர்மையாகியிருக்கிறது.

இக்கேள்வி மின்காருடன் பிறந்ததன்று. தொலைதூரத்தில் செய்யப்பட்டு, தொலைதூரத்தில் விற்கப்பட்ட ஒவ்வோர் இயந்திரமும் தென்னிந்தியச் சாலைக்கோ தண்டவாளத்துக்கோ வந்தபோது இதே கேள்வி எழுந்தது. ஒவ்வொரு காலமும் அதற்கு வெவ்வேறு விடை கண்டது. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும்: ஒரு வாகனம் எவ்வளவு தூரம் பரவும் என்பதை அது விற்கப்படும் இடங்களைக் காட்டிலும் அது பழுது பார்க்கப்படும் இடங்களே தீர்மானித்துள்ளன.

பட்டறையையும் உடன் கொண்டுவந்த கம்பெனி

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை சென்னை இரயில்வே கம்பெனியின் முதல் வண்டி ஓடியது. அவ்வெஞ்சின்கள் பிரிட்டனில் வாங்கப்பட்டவை. சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. ஓர் உதிரிபாகம் தேவையெனில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பல் வரவேண்டும். விற்றவரிடம் திருப்பி அனுப்பிப் பழுது பார்ப்பது என்ற எண்ணத்துக்கே இடமில்லை. எனவே கம்பெனி வண்டியோடு பட்டறையையும் கொண்டுவந்தது. பெரம்பூர் இரயில்வே பணிமனை தொடங்கப்பட்டதும் அதே 1856இல்தான். இருப்புப்பாதை நீண்டபோது அதனுடன் எஞ்சின் கொட்டகைகளும், நீர்த்தொட்டிகளும், பிட்டர்களும், கொல்லர்களும் நீண்டனர். இன்றைக்கும் திருப்பதியில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் இரயில்வே பணிமனை இயங்குகிறது.

இம்முறையின் வலிமை தெளிவானது. வண்டி எங்கே நின்றாலும் அதைச் சரிசெய்யும் கடமை ஒரே நிறுவனத்துக்கு உரியது. அதன் வரம்பும் தெளிவானது. பழுதுநீக்கும் அறிவு கம்பெனியின் சம்பளப் பட்டியலுக்குள்ளேயே சுழன்றது. இரயில் எஞ்சினைத் தெருவோரத்தில் பழுது பார்க்க யாரும் கற்கவில்லை. கற்க வேண்டிய தேவையும் எழவில்லை.

தெரு கற்றுக்கொண்ட கார்

பெட்ரோல் காரின் வரலாறு வேறு வகையானது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் கணவரின் மூன்று சக்கர வண்டியை மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் சற்று மிகுதியான தூரத்துக்கு ஓட்டிச் சென்றார். காரின் முதல் நெடும்பயணம் என்று கொண்டாடப்படும் அதனைத் தொலைதூரப் பழுதுநீக்கத்தின் முதல் வரலாறாகவும் படிக்கலாம். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயை அவர் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். எரிபொருளாகப் பயன்பட்ட லிக்ராயினை வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் வாங்கினார். அறுந்த சங்கிலிக்கு ஒரு கொல்லர் உதவினார். தேய்ந்த தடைக்கட்டைக்குத் தோல் வைத்துத் தந்தவர் ஒரு செருப்புத் தைப்பவர். அவர்களில் எவரும் அதற்கு முன் அத்தகைய வண்டியைக் கையாண்டவர் அல்லர். எனினும் வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் அவர்கள் முன்பே அறிந்த ஒரு தொழிலுக்குள் அடங்கியது.

தென்னிந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1840இல் சென்னையில் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகளுக்குக் கூடு கட்டிய நிறுவனம். பின்னர் மோட்டார் வண்டிகளுக்கும் கட்டியது. 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் நாளடைவில் வண்டி விற்பனை, உதிரிபாகம், பழுதுநீக்கம் ஆகிய மூன்றையும் தென்மாவட்ட நகரங்களுக்குக் கொண்டுசென்றது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், வண்டிகளை நிறுத்திவிடாமல் கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலங்களைத் தாமே தயாரித்துப் பொருத்தினர். வண்டியைச் செய்தவர்கள் எண்ணிப்பாராத ஒரு மாற்றத்தை அது ஓடிய ஊரில் இருந்தவர்கள் செய்தனர்.

இப்பெருநிறுவனங்களுக்குப் புறத்தே வளர்ந்தது சாலையோரப் பட்டறை. அம்பாசிடர் கார் இதற்கு ஏற்ற சான்று. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை ஒட்டி 1950களின் இறுதியில் வங்காளத்தின் உத்தரபாராவில் உற்பத்தியாகத் தொடங்கிய அவ்வண்டி 2014இல் நிறுத்தப்படும்வரை அடிப்படை வடிவில் பெரிதும் மாறவில்லை. ஒரு வண்டி அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறத்தாழ அப்படியே இருந்தது பொறியியல் நோக்கில் தேக்கம்தான். ஆனால் அத்தேக்கமே அறிவு பரவுவதற்கான அவகாசமும் ஆயிற்று. ஒருவர் கற்றது அவருடைய வாழ்நாள் முழுவதும் செல்லுபடியானது. அவரிடம் வேலை பழகிய பையனுக்கும் செல்லுபடியானது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்த உதிரிபாகம் கிடைத்தது. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பது பிழையாகும். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதுச் சிறுவர்களின் கூலியில்லா உழைப்பில் அப்பட்டறைகள் பல நடந்தன. போலி உதிரிபாகங்கள் விபத்துகளுக்குக் காரணமாயின. எழுத்தில் பதியாத அறிவு மெக்கானிக்கின் கையோடு மறைந்தது. இவ்வளவு குறைகளுக்கிடையிலும் காரை ஏர்பேடு போன்ற சாலைச் சந்திப்புகளின் வழியே அச்சமின்றி ஓட்டிச் செல்ல வைத்தது அப்பட்டறைதான். காரை விற்றவருக்கு அதில் பங்கில்லை.

நகரத்தோடு கட்டப்பட்ட மின்கார்

இதே காலத்தில் மின்கார் எங்கே இருந்தது? 1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் உற்பத்தியான 4,192 கார்களில் 1,575 மின்சாரத்தில் ஓடியவை; பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே. எஞ்சியவை நீராவிக் கார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் இவ்வரிசை தலைகீழானதற்கு மின்கலத்தின் குறைபாடே காரணம் என்பது வழக்கமான விளக்கம். தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் கிர்ஷ் 2000இல் வெளியிட்ட நூலில் இவ்விளக்கம் போதாது என்று வாதிட்டார். நியூயார்க்கின் மின்சார வாடகைக் கார்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஒரு மையப் பணிமனைக்குத் திரும்பி, அங்கே மின்கலம் மாற்றி, அங்கேயே பழுது நீக்கி மீண்டும் புறப்பட்டவை. இரயில்வேயின் முறையை நகரத் தெருவுக்குக் கொண்டுவரும் முயற்சி அது. அம்முறையில் ஓடிய வண்டியால் பணிமனையைவிட்டு அதிகத் தொலைவு விலக இயலவில்லை. பெட்ரோல் வண்டியோ கொல்லரையும் மருந்துக் கடையையும் நம்பி ஊர் ஊராகச் சென்றது.

இந்தியாவில் இக்கதை சுருக்கமாக மீண்டும் நிகழ்ந்தது. 1993இல் டில்லி வாகனக் கண்காட்சியில் ‘லவ்பேர்ட்’ என்னும் மின்கார் காட்டப்பட்டது. ஜப்பானின் யாஸ்கவா நிறுவனத்தின் கூட்டுறவுடன் எடி நிறுவனம் கேரளத்தின் சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் தயாரித்த வண்டி அது. மிகச் சிலவே விற்றன. 1994இல் பெங்களூரின் மைனி குழுமமும் கலிஃபோர்னியாவின் அமெரிகான் நிறுவனமும் இணைந்து தொடங்கிய ரேவா நிறுவனம் 2001இல் தன் சிறு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆறு வோல்ட் ஈயமில மின்கலங்கள் எட்டு, மொத்தம் 48 வோல்ட், ஒரு மின்னேற்றத்துக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர்: இதுவே ரேவாவின் அளவு.

அவ்வண்டிக்குத் தன் ஊரைக் காட்டிலும் பெரிய வாழ்வு லண்டனில் கிடைத்தது. 2003 பிப்ரவரியில் அந்நகரம் விதித்த நெரிசல் கட்டணத்திலிருந்து மின்கார்களுக்கு விலக்கு இருந்தது. ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் ரேவாவை ஒரே ஒரு முகவர் நிறுவனம் அங்கே விற்றது. செய்த ஊருக்கும் ஓடிய ஊருக்கும் இடையே எட்டாயிரம் கிலோமீட்டர். வண்டிக்குள் இருந்த ஆற்றல் மேலாண்மைக் கணினி மின்கலத்தின் நிலையைப் பதிவுசெய்தது. அப்பதிவைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். ஆயினும் 48 வோல்ட் என்பது உயிருக்கு ஊறு செய்யும் அளவன்று. ஈயமில மின்கலமோ உலகெங்கும் எந்த மின்கலக் கடைக்காரரும் அறிந்த பொருள். எனவே முகவரின் ஆதரவு குன்றிய பின்னரும் உரிமையாளர்கள் தமக்குள் சங்கம் அமைத்து, பழுது விவரங்களைத் தொகுத்து, வண்டிகளைத் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. வீஸ்லோக்கின் மருந்துக் கடை வேறோர் உருவில் அங்கே திரும்பியது எனலாம்.

2009இல் ஃபிராங்பர்ட் கண்காட்சியில் ரேவா நிறுவனம் ‘ரிவைவ்’ என்றொரு வசதியை அறிவித்தது. மின்னேற்றம் தீர்ந்து வண்டி வழியில் நின்றால் ஓட்டுநர் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ உதவி மையத்தை அழைக்கலாம். மையம் மின்கலத்தின் நிலையைத் தொலைவிலிருந்தே ஆராய்ந்து, ஒதுக்கி வைத்திருந்த ஆற்றலை விடுவிக்கும். வண்டி மீண்டும் நகரும். பழுதுநீக்க வரலாற்றில் இது ஒரு திருப்பம். கொல்லரும் செருப்புத் தைப்பவரும் நின்ற இடத்தில், வண்டியைக் கண்ணால் காணாத ஒருவர் வந்து நிற்கிறார். தொலைவு ஒரு தடையாக இருந்த நிலை ஒழிகிறது. அதேவேளையில், தொலைவிலிருந்து திறக்க வல்லவர் திறக்காமலிருக்கவும் வல்லவர் என்பதும் அன்றே உறுதியாயிற்று.

2010இல் ரேவாவின் பெரும்பான்மைப் பங்கை மகிந்திரா வாங்கியது. அதன் அடுத்த வண்டியான ‘ஈ2ஓ’ 2016இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்து, மறு ஆண்டே அச்சந்தையிலிருந்து விலகியது. விற்றவர் சந்தையை விட்டு நீங்கினாலும் விற்ற வண்டி சாலையில் இருக்கும் என்பதை இத்தகைய விலகல்கள் நினைவூட்டுகின்றன. 2024 ஜூனில் அமெரிக்காவின் ஃபிஸ்கர் நிறுவனம் திவாலானபோது இது முழு வடிவில் வெளிப்பட்டது. ஆஸ்திரியாவில் செய்யப்பட்ட அக்கார்களின் மென்பொருளைப் புதுப்பிக்க யாரும் பொறுப்பில்லாமற் போக, உரிமையாளர்களே ஒரு சங்கம் அமைத்து அப்பணியை ஏற்க நேர்ந்தது.

இரண்டு பூட்டுகள்

இன்று ஏர்பேட்டில் நிற்கும் மின்காருக்குத் திரும்பலாம். அதன் பழுது எது என்பதைப் பொறுத்து விடை மாறும். சக்கரம், தடை, குளிரூட்டி, கண்ணாடித் துடைப்பான் ஆகியவை எந்த மெக்கானிக்குக்கும் பழக்கமானவை. பெரிய மின்கலம் நிறைந்திருந்தும் வண்டி உயிர்பெறாமல் கிடப்பதற்குப் பலவேளைகளில் காரணம் விளக்குக்கும் கணினிகளுக்கும் மின்சாரம் தரும் சிறிய 12 வோல்ட் மின்கலம்தான். அதனை மாற்ற எந்தக் கடையும் போதும். பழுது அதைக் கடந்து உள்ளே சென்றால் இரண்டு பூட்டுகள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது மின்னழுத்தம். ரேவாவின் 48 வோல்ட்டுக்கு மாறாக இன்றைய மின்கார்கள் பலவும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்கலத்தில் ஓடுபவை. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளைப் பயிற்சியின்றித் தொடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். மின்காப்புக் கையுறை, மின்கல இணைப்பைத் துண்டிக்கும் முறை, துண்டித்தபின் மின்தேக்கிகள் வெறுமையாகும்வரை காத்திருத்தல் ஆகிய ஒழுங்குகள் தேவை. இழுத்துச் செல்வதற்கும் விதி உண்டு. இயக்கும் சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும் என்பதால் கயிறு கட்டி இழுக்காமல் ரெக்கவரி லாரியின் மேல் ஏற்றிச் செல்ல வேண்டும். இந்தப் பூட்டு நியாயமானது. இதன் திறவுகோல் பயிற்சி. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்வாகன மெக்கானிக் என்னும் பிரிவு இப்போது கற்பிக்கப்படுகிறது.

இரண்டாவது மென்பொருள். பிழைக்குறியைப் படிக்கும் கருவி, மாற்றிய உறுப்பை வண்டியின் கணினி ஏற்றுக்கொள்ளச் செய்யும் கடவுச்சொல், மின்சுற்று வரைபடம் ஆகியவை தயாரிப்பாளரின் கையில் உள்ளன. எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று மின்கலத்துக்கு வழங்கப்படும் பொறுப்புறுதியோ, வெளியார் திறந்தால் நீங்கிவிடும் என்ற அச்சத்தை உரிமையாளரிடம் வளர்க்கிறது. பயிற்சி பெற்ற மெக்கானிக் அருகிலேயே இருந்தாலும் இந்தப் பூட்டு அவருக்குத் திறக்காது. இதன் திறவுகோல் சட்டத்தில் உள்ளது.

விவாதங்களில் இவ்விரண்டு பூட்டுகளும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. முதல் பூட்டின் நியாயத்தைக் காட்டி இரண்டாம் பூட்டைக் காப்பது வழக்கம். இந்தியச் சட்ட வரலாற்றில் இதற்கு முன்னோடி உண்டு. 2014 ஆகஸ்டு 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பிழையறியும் கருவிகளையும் சுதந்திரமான பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தனர் என்பது குற்றச்சாட்டு. பயிற்சியற்றவர் கையில் அவை போவது ஆபத்து என்ற பாதுகாப்பு வாதம் அன்றும் முன்வைக்கப்பட்டது. ஆணையம் அதனை ஏற்கவில்லை. அவ்வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் மைய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கெனத் தொடங்கிய இணையவாசலில் வாகனத் துறையும் ஒரு பிரிவாக இடம்பெற்றது. அத்தளம் தகவல்களைத் திரட்டித் தருவது. தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தின் இடத்தை அது நிரப்ப இயலாது.

திருப்பதி வட்டாரம் காட்டும் முரண்

இச்சிக்கலை ஏர்பேட்டிலிருந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மின்கலம் குறித்த அறிவு இவ்வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. 1985இல் தொடங்கப்பட்ட அமர ராஜா குழுமத்தின் மின்கலத் தொழிற்சாலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் உள்ளது. இந்தியச் சாலைகளில் ஓடும் எண்ணற்ற வண்டிகளின் ஈயமில மின்கலங்கள் அங்கே செய்யப்பட்டவை. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாய் முதலீட்டில் லித்தியம் மின்கலக் கூறுகள் செய்யும் ஆலையைத் திருப்பதியில் நிறுவியது. 2022 செப்டம்பரில் அதன் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியது. ஏர்பேட்டிலேயே ஒரு தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. மின்கலம் செய்யவும் ஆராயவும் இவ்வட்டாரம் வல்லது. ஆயினும் இங்கே நின்றுபோன காரின் மின்கலப் பெட்டியைத் திறக்கும் உரிமை, அக்காரைச் செய்த நிறுவனம் எந்தப் பணிமனைக்குத் தருகிறதோ அதற்கே உண்டு. இல்லாதது அறிவு என்று சொல்லும் வாதம் இவ்வூரில் எடுபடாது.

மற்றொரு சான்றும் அருகில் உள்ளது. 2021இல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் ஹைதராபாத்தின் ஒலெக்ட்ரா தயாரிக்கும் 100 மின்பேருந்துகளைத் திருப்பதிக்காக 12 ஆண்டு ஒப்பந்தத்தில் பெற முடிவுசெய்தது. 2022 செப்டம்பரில் பிரம்மோற்சவத்தை ஒட்டித் திருமலை மலைப்பாதையில் அவை ஓடத் தொடங்கின. இங்கே கழகம் வண்டியை வெறுமனே வாங்கவில்லை. ஓடிய கிலோமீட்டருக்குக் கட்டணம் தருகிறது. ஒப்பந்தக் காலம் முழுவதும் வண்டியைப் பராமரிக்கும் பொறுப்பு வழங்கியவருக்கு உரியது. அதனால் அலிபிரி பணிமனைக்கு மின்னேற்றிகளோடு பழுதுநீக்கும் ஆட்களும் கருவிகளும் வந்து சேர்ந்தனர். 1856இன் பெரம்பூர் முறை மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. நூறு வண்டி வாங்கும் நிறுவனத்தால் பட்டறையையும் தன் ஊருக்கு வரவழைக்க முடிகிறது. ஒரு வண்டி வாங்கும் குடும்பத்தால் அது முடியாது.

ஆகவே இன்று மூன்று ஏற்பாடுகள் ஒரே வட்டாரத்தில் அருகருகே நிற்கின்றன. இரயிலுக்கும் மின்பேருந்துக்கும் நிறுவனத்தின் சொந்தப் பணிமனை. பெட்ரோல் காருக்குத் தெரு கற்றுக்கொண்ட அறிவு. தனியார் மின்காருக்கு விற்பனைப் பகுதிக்குள் அடங்கிய அங்கீகரிக்கப்பட்ட பணிமனை. முதல் இரண்டும் வண்டி ஓடும் தூரத்தோடு சேர்ந்து விரிந்தவை. மூன்றாவது, விற்பனை அடர்ந்த நகரங்களைச் சுற்றியே வளரும் இயல்புடையது. விற்பனை குறைந்த ஊரில் பணிமனை வராது. பணிமனை இல்லாத ஊரில் விற்பனை பெருகாது. இச்சுழலைச் சந்தை தானாகவே உடைக்கும் என்று கருத வரலாறு இடந்தரவில்லை. நூறாண்டுக்கு முன் அமெரிக்க மின்காரை நகரத்துக்குள் நிறுத்தியதும் இத்தகைய சுழல்தான்.

தொழில்நுட்ப வரலாற்று மாணவர்கள் இங்கே ஆராய வேண்டியவை பல. மின்காரின் கொள்கை ஆவணங்கள் மின்னேற்றிகளை எண்ணுகின்றன, மானியங்களை எண்ணுகின்றன, விற்பனையை எண்ணுகின்றன. உயர் மின்னழுத்தப் பழுதுநீக்கும் பணிமனைகள் எந்தெந்த ஊரில் உள்ளன, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்னும் வரைபடம் அவற்றோடு சேர்த்து வரையப்பட வேண்டும். ரேணிகுண்டா, காளத்தி, புத்தூர், நகரி போன்ற ஊர்களின் மெக்கானிக்குகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் எவ்வாறு கற்றனர், கார்புரேட்டரிலிருந்து மின்னணு எரிபொருள் செலுத்திக்கு எவ்வாறு மாறினர் என்பது அவர்கள் வாய்மொழியிலேயே இன்னும் இருக்கிறது. அம்மாற்றத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அடுத்த மாற்றம் இயலாது என்று முன்கூட்டியே தீர்ப்பளிப்பதற்கு முன், அவர்களுடைய வரலாறு எழுதப்பட்டாக வேண்டும்.